விசுவாசி அழலாமா?

கேள்வி: 9 மார்ச் 2025, ஞாயிறு மாலை

ஜனவரியில் எங்கள் முதல் குழந்தை எட்டாம் மாதத்திலேயே இறந்து பிறந்தது. பெண் குழந்தை. இன்றைக்கு ஆராதனையில் பாட்டு நேரத்தில் என் மனைவி அழுதுவிட்டாள். வெளியே வந்ததும் சபையில் மூத்த அம்மா ஒருவர் அவள் கையைப் பிடித்து, "இன்னும் அழுதுக்கிட்டே இருந்தா ஆண்டவருக்கு மனவருத்தம்மா. ஸ்தோத்திரம் சொல்லிப் பழகு, அடுத்த ஆசீர்வாதம் தானா வரும்" என்றார். வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் பேசவில்லை. நானும் அப்படிக் கேட்டே வளர்ந்தவன்தான். விசுவாசி துக்கப்படக் கூடாது, எல்லாவற்றிலும் ஸ்தோத்திரம் செய்ய வேண்டும் என்று. அவளைத் தேற்ற ஒரு நல்ல வசனம் சொல்லுங்கள்.

9 மார்ச், இரவு

தம்பி, இன்றிரவு வசனம் எதுவும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். பக்கத்தில் போய் உட்காருங்கள். சாப்பிட்டாளா என்று பாருங்கள். குழந்தையைப் பற்றிப் பேச நினைத்தால் பேசட்டும். "அடுத்த குழந்தை" என்ற வார்த்தையை வீட்டில் யாரும் சொல்ல வேண்டாம். அவள் அழுவது இந்தக் குழந்தைக்காக.

மீதியை நாளைக்கு எழுதுகிறேன். கோபத்தில் எழுத விரும்பவில்லை.

10 மார்ச்

பிள்ளைகளையெல்லாம் ஒரே நாளில் பறிகொடுத்த யோபுவிலிருந்து ஆரம்பிக்கிறேன். நம் ஊரில் எந்த அடக்க ஆராதனைக்குப் போனாலும் "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார், கர்த்தருடைய நாமத்துக்கு ஸ்தோத்திரம்" என்று வாசிப்பார்கள். அது முதல் அதிகாரம். புஸ்தகத்தில் 42 அதிகாரம் இருக்கிறது. மூன்றாம் அதிகாரத்திலேயே அதே யோபு வாயைத் திறந்து, தான் பிறந்த நாளைச் சபிக்கிறான். அங்கிருந்து பக்கம் பக்கமாகக் கேள்வி, முறையீடு, வழக்கு. ஏன் என்னைக் குறிவைத்தீர், என்னை விட்டுவிடும், உம்மோடு நேருக்கு நேர் வழக்காட வேண்டும் என்றெல்லாம் பேசுகிறான். அவனுடைய சிநேகிதர்கள்தான் கடவுளுக்கு வக்கீலாக நின்று பேசுகிறார்கள். நீ பாவம் செய்திருப்பாய், மனந்திரும்பு, ஆசீர்வாதம் திரும்ப வரும் என்கிறார்கள்.

கடைசி அதிகாரத்தில் கர்த்தர் யார் மேல் கோபப்படுகிறார்? எலிப்பாஸ் மேல். "உன் இரண்டு சிநேகிதர் மேலும்" என்று சேர்த்துச் சொல்கிறார். என் தாசனாகிய யோபு பேசினதுபோல் நீங்கள் என்னைக் குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்கிறார். அவ்வளவு கத்தின யோபு சரியாகப் பேசினவன் ஆகிறான். பக்தியாகப் பேசினவர்கள் பலியிட்டு, யோபுவின் ஜெபத்தை வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

அந்தச் சிநேகிதர்களும் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். முதல் ஏழு நாளும் ஏழு இரவும் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், ஒருவரும் ஒரு வார்த்தையும் பேசவில்லை. வாயைத் திறந்த பிறகுதான் கெட்டது.

12 மார்ச்

"நீங்கள் யார், எந்தச் சபை, என்ன அனுபவத்தில் சொல்கிறீர்கள்" என்று இந்த இணைய இழையில் ஒருவர் கேட்டிருக்கிறார். கேட்க வேண்டிய கேள்விதான்.

பாளையங்கோட்டைப் பக்கம். பிறந்ததிலிருந்து சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபைதான். பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றேன், இன்றும் ஓய்வுநாள் பாடசாலையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். எங்க வீட்டுக்காரங்களுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. சில வருடங்களாக டயாலிசிஸ். செவ்வாய், வியாழன், சனி. ஒரு தடவைக்கு நாலு மணி நேரம். இடது கையில் ஃபிஸ்டுலா போட்டிருக்கிறது (டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக இரத்தக்குழாய்களை இணைத்திருப்பது), அந்தக் கையில் பிரஷர் பார்க்கக் கூடாது, அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கக் கூடாது. சிறுநீர் அநேகமாகப் போவதில்லை. அதனால் குடிக்கிற தண்ணீர் எல்லாம் உடம்பிலேயே நிற்கும், நுரையீரலில் ஏறும், மூச்சு முட்டும். ஒரு நாளைக்கு அரை லிட்டர், முக்கால் லிட்டர், குழம்பு ரசம் எல்லாம் அதற்குள். இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது, பொட்டாசியம் ஏறினால் இருதயம் நின்றுவிடும். காய்கறியை நறுக்கித் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடி வேகவைத்து வடிக்க வேண்டும். ருசி என்று ஒன்றும் மிஞ்சாது. அவங்க முகம் சுளிக்காமல் சாப்பிடுவாங்க, சில நாள் தட்டைத் தள்ளிவிடுவாங்க.

ஆரம்பத்தில் வீட்டுக்கு வந்து ஜெபித்த ஒருவர், "குடும்பத்தில் அறிக்கையிடாத பாவம் ஏதாவது இருக்கா, யோசிச்சுப் பாருங்க" என்று கேட்டார். அவங்க அமைதியாக, "எனக்கு இருபது வருஷமா சுகர் இருக்குங்கய்யா" என்று பதில் சொன்னாங்க. அவ்வளவுதான் காரணம். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் சிறுநீரகத்தைத் தின்றன. நான்தான் அன்றைக்கு இரவு முழுக்கத் தூங்காமல், என் கல்யாணத்துக்கு முன்னால் நடந்தது வரைக்கும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கேள்வி அவ்வளவு வேலை செய்யும். தம்பி, உங்கள் மனைவியும் இப்போது அதைத்தான் செய்துகொண்டிருப்பாள் என்று நினைக்கிறேன். எதைச் சாப்பிட்டேன், எங்கே நடந்தேன், எதற்குத் தண்டனை என்று. நீ ஒன்றும் செய்யவில்லை என்று ஒரு தடவை சொன்னால் போதாது. திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும்.

12 மார்ச், மாலை

ஒரு சகோதரர் 1 தெசலோனிக்கேயர் 4:13-ஐ எடுத்துப் போட்டிருக்கிறார். நம்பிக்கையற்ற மற்றவர்களைப்போல் துக்கிக்க வேண்டாம் என்று பவுல் எழுதுகிறாரே என்கிறார். வசனத்தை முழுக்க வாசியுங்கள். துக்கிக்கவே வேண்டாம் என்று அதில் இல்லை. நம்பிக்கையோடு துக்கிக்கலாம். விசுவாசத்துக்காகக் கல்லெறிந்து கொல்லப்பட்ட ஸ்தேவானை, அப்போஸ்தலர் 8:2-ல், அடக்கம்பண்ணினவர்கள் யார்? தேவபக்தியுள்ள மனுஷர். அவர்கள் அவனுக்காக மிகவும் துக்கங்கொண்டாடினார்கள் என்று எழுதியிருக்கிறது. வானம் திறந்திருக்கிறதை, இயேசு நிற்கிறதைக் கண்டேன் என்று சொல்லிச் செத்தவனுக்காகவே அப்படி அழுதார்கள். அவன் எங்கே போனான் என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே இருந்திருக்காது. ஆனாலும் அழுதார்கள்.

செத்துப்போன சிநேகிதன் லாசருவைப் பத்து நிமிஷத்தில் உயிரோடு எழுப்பப்போகிற இயேசுவே கல்லறைக்குப் போகிற வழியில் கண்ணீர் விட்டார். அதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

13 மார்ச்

தாவீது உதாரணத்தையும் கொண்டுவந்துவிட்டார்கள். குழந்தை சாகிற வரைக்கும் தரையில் கிடந்தான், செத்ததும் எழுந்து குளித்து ஆலயத்துக்குப் போனான், பாருங்கள், அப்படித்தான் இருக்க வேண்டும் என்று. அதே தாவீது இன்னொரு மகன் அப்சலோம் செத்தபோது மேல்வீட்டுக்கு ஏறிப் போய், நான் உனக்குப் பதிலாகச் செத்திருக்கலாமே என்று கதறினான். ஒரே மனுஷனுக்கு ஒவ்வொரு துக்கமும் ஒவ்வொரு விதமாக வருகிறது. அவனுடைய ஒரு நாளை எடுத்து அடுத்தவர் மேல் சட்டமாகப் போடக் கூடாது.

ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன், இன்றைக்கு வியாழன்.

16 மார்ச்

மேலே ஒரு சகோதரி எழுதியிருப்பதை இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். கடன் தொல்லையில் புருஷன் வீட்டைவிட்டுப் போன காலத்தில், தினமும் எழுந்ததும் நூறு ஸ்தோத்திரம் சொல்வேன், அதுதான் என்னைக் கிணற்றில் விழாமல் காத்தது, அதைப் போய்த் தப்பு என்கிறீர்களா என்று கேட்கிறார்.

சகோதரி, அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. என் மாமியார் அப்படித்தான். பத்தொன்பது வயதில் கல்யாணம், முப்பது முடிவதற்குள் விதவை, நாலு பிள்ளைகள். பனை ஓலையில் பெட்டி முடைந்து வளர்த்தாங்க. உட்காரும்போது ஸ்தோத்திரம், எழும்பும்போது ஸ்தோத்திரம், கால் இடறினால் ஸ்தோத்திரம். அது அவங்க மூச்சோடு சேர்ந்தது. அவங்க வாயிலிருந்து அது வந்தபோது எனக்கு ஒருநாளும் உறுத்தினதில்லை. மகனுக்குக் கிட்னி போய்விட்டது என்று சொன்ன அன்றைக்கு மட்டும் அவங்க ஒன்றும் சொல்லவில்லை. மகனுடைய காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாங்க. என்னைப் பார்த்தும் "ஸ்தோத்திரம் சொல்லு" என்று சொல்லவில்லை, அதற்குப் பிறகும் ஒருநாளும் சொன்னதில்லை.

அதனால் முன்பு எழுதினதோடு இதையும் சேர்த்துக்கொள்கிறேன். கஷ்டப்படுகிறவர் தன் வாயால் சொல்கிற ஸ்தோத்திரம் பலி. அடுத்தவர் அவரிடம் கேட்டு வாங்குகிற ஸ்தோத்திரம் வரி. உங்கள் நூறு ஸ்தோத்திரமும் நீங்கள் கொடுத்த பலி. அதை இன்னொரு பெண்ணிடம் போய் வசூலிக்காதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

23 மார்ச்

இது இழையின் தலைப்புக்கு வெளியே போகிறது, ஆனாலும் எழுதியே ஆக வேண்டும்.

எங்கள் டயாலிசிஸ் வார்டில் விபூதி பூசினவர், தாயத்துக் கட்டினவர், கழுத்தில் சிலுவை போட்டவர் எல்லாரும் வரிசையாகப் படுத்திருப்போம் (கூட உட்கார்ந்திருக்கிற எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்). ஒரு குடும்பம் மற்றதை விசாரிக்கும், ஊசி விலையைப் பேசிக்கொள்ளும், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டையைப் புதுப்பிக்க எந்த ஜன்னலில் நிற்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கும். அங்கே வந்துகொண்டிருந்த ஒரு பையன், முப்பது வயதுகூட இருக்காது, ஒரு சுகமளிக்கும் கூட்டத்துக்குப் போனான். விசுவாசித்தால் இயந்திரம் தேவையில்லை என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். அடுத்த இரண்டு முறை வரவில்லை. மூன்றாவது முறை ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள். பிழைக்கவில்லை. அவனுடைய அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "என் பிள்ளைக்கு விசுவாசம் பத்தலையா?"

இல்லை அம்மா. அவன் அளவுக்கு விசுவாசம் எனக்கு இல்லை. அவனுக்குச் சொல்லப்பட்டது பொய்.

பவுல் வியாதியஸ்தரைச் சுகமாக்கினவர், அவர் உடம்பில் பட்ட துணியைக் கொண்டுபோனாலே குணம் கிடைத்தது என்று அப்போஸ்தலர் நடபடிகளில் இருக்கிறது. அதே பவுல் துரோப்பீமுவை மிலேத்துவிலே வியாதிப்பட்டவனாக விட்டுவிட்டு வந்தேன் என்று எழுதுகிறார். தீமோத்தேயுவுக்கு அடிக்கடி நேரிடுகிற பலவீனங்களுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள் என்கிறார். எப்பாப்பிரோதீத்து சாகிற நிலைமைக்குப் போய் மீண்டான், அவனும் செத்திருந்தால் எனக்குத் துக்கத்தின்மேல் துக்கம் வந்திருக்கும் என்கிறார். தன் மாம்சத்தில் இருந்த முள்ளுக்காக மூன்று தரம் வேண்டிக்கொண்டும் அது எடுபடவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் வந்தது. கூடவே பயணம் செய்த லூக்கா ஒரு வைத்தியன்.

யாராவது இதை வாசிக்கிறவர்கள் ஜெபத்தை நம்பி டயாலிசிஸையோ, இன்சுலினையோ, பிட்ஸ் மாத்திரையையோ நிறுத்தலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தால், நிறுத்தாதீர்கள். ஜெபியுங்கள், மாத்திரையும் போடுங்கள்.

25 மார்ச்

தம்பி ஒரு வரி எழுதியிருக்கிறார். "யோபு 3-ஐ அவளே எடுத்து வாசித்தாள், பைபிளில் இப்படியும் இருக்கா என்று கேட்டாள்." இருக்கிறது. 88-ஆம் சங்கீதத்தையும் காட்டுங்கள். ஏமானுடையது என்று தலைப்பில் இருக்கிறது. புலம்பிக்கொண்டே போய்க் கடைசி வரியில் சிநேகிதரும் இல்லை, இருட்டுதான் என்று முடிந்துவிடும். "ஆகிலும் கர்த்தரை நம்புவேன்" என்ற வரி இல்லவே இல்லை. யாரோ அதை எழுதி, யாரோ அதை ஆலயத்தில் பாடி, யாரோ அதைச் சங்கீத புஸ்தகத்தில் சேர்த்திருக்கிறார்கள். 150-இல் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் இந்த மாதிரிப் புலம்பல்தான். நம் ஆராதனைகளில் அவற்றில் எத்தனையை வாசிக்கக் கேட்டிருக்கிறோம்?

30 மார்ச்

சாட்சி நேரத்தைப் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார், சபையில் சாட்சி சொல்கிறவர்கள் எல்லாரும் தப்பித்தவர்களாகவே இருக்கிறார்கள் என்று. இது என் மனதில் 2004-லிருந்து கிடக்கிற விஷயம்.

டிசம்பர் 26, சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை. வேளாங்கண்ணியில் திருப்பலியில் இருந்தவர்கள் தப்பித்தார்கள், கடற்கரையில் இருந்த திருப்பயணிகளும் கடைக்காரர்களும் போனார்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி. அந்தக் கடற்கரை ஊர்களில் பெரும்பாலும் கத்தோலிக்க மக்கள், பெயரைக் கேட்டாலே தெரியும், தலைமுறை தலைமுறையாக விசுவாசிகள். அதற்கடுத்த வாரங்களில் "கோயிலுக்குள் இருந்ததால் ஆண்டவர் எங்களைக் காத்தார்" என்ற சாட்சியைப் பல இடங்களில் கேட்டேன். சொல்கிறவரைக் குற்றம் சொல்ல முடியாது, உயிரோடிருக்கிற நன்றியில் சொல்கிறார். ஆனால் அதே பெஞ்சில், வெளியே நின்ற பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தகப்பன் உட்கார்ந்திருந்தால் அந்த வாக்கியம் அவன் காதில் எப்படி விழும்? உன் பிள்ளையைக் காக்கவில்லை என்றுதானே.

இயேசுவே இந்தக் கேள்வியைக் கேட்டார். சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தார்களே, அவர்கள் எருசலேமில் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா? இல்லை என்று சொல்லிவிட்டு, பேச்சைக் கேட்கிறவர்கள் பக்கமே திருப்பிவிட்டார். செத்தவர்களைப் பற்றி ஒரு விளக்கமும் கொடுக்கவில்லை.

ஒக்கிப் புயல் 2017 நவம்பர் கடைசியில் வந்தபோது வேறு ஒன்றைப் பார்த்தேன். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடிப் பக்கத்து மீனவர்கள் ஆழ்கடலுக்குப் போயிருந்தார்கள். அநேகர் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. உடல் இல்லாத வீட்டில் அடக்கம் இல்லை, இறப்புச் சான்றிதழ் இல்லை, அழுகையை எந்த நாளில் ஆரம்பிப்பது என்றுகூடத் தெரியாது. அப்போது பங்குத்தந்தையர் மக்களோடு தெருவில் இறங்கினார்கள். டிசம்பரில் குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கான பேர் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள், பாட்டிகள், கைக்குழந்தைக்காரிகள் எல்லாரும். எங்கள் பிள்ளைகளைத் தேடுங்கள் என்று கேட்டார்கள். இதில் ஜெபம் எது, போராட்டம் எது என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை. பிரிக்கவும் வேண்டாம் என்று நினைக்கிறேன். சங்கீதங்களில் "எதுவரைக்கும்" என்று கேட்கிறவனும் பதில் வரும் வரைக்கும் எழும்பமாட்டேன் என்றுதான் உட்கார்ந்திருக்கிறான்.

2 ஏப்ரல்

"அப்போ சாட்சியே சொல்லக் கூடாதா?" சொல்லலாம். ஆராதனையில், இன்னும் பதில் கிடைக்காதவர்களுக்கும் ஒரு இடம் வையுங்கள் என்கிறேன். "எனக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை, ஆனாலும் வந்திருக்கிறேன்" என்று ஒருவர் எழுந்து சொல்லிவிட்டு உட்காரட்டும். அதுவும் சாட்சிதான்.

6 ஏப்ரல்

டோனாவூர்க்காரர் ஒருவர் இங்கே சேர்ந்திருக்கிறார், வாருங்கள் அண்ணாச்சி. ஏமி கார்மைக்கேல் அம்மையாரைப் பற்றி எழுதச் சொல்கிறார். நானும் நினைத்தேன்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அம்மையாரின் முதல் பாதிக் கதை தெரியும். வட அயர்லாந்திலிருந்து வந்தது, 1901 முதல் டோனாவூரில், கோயிலுக்குப் பொட்டுக்கட்ட இருந்த சிறுமிகளைக் காப்பாற்றியது. இரண்டாவது பாதியை யாரும் ஓய்வுநாள் பாடசாலையில் சொல்வதில்லை. 1931-இல் ஒரு குழியில் விழுந்தார். கால் முறிந்தது, பிறகு முதுகு. ஊரே ஜெபித்தது. அவர்களைவிட ஜெபிக்கத் தெரிந்தவர்கள் அந்தக் காலத்தில் திருநெல்வேலிச் சீமையில் இருந்திருக்க முடியாது. சுகம் வரவில்லை. 1951 ஜனவரியில் இறக்கும்வரை, ஏறக்குறைய இருபது வருஷம், அநேகமாக அந்த ஒரே அறைதான். அங்கிருந்தே எழுதினார், அங்கிருந்தே பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பேசினார். கல்லறைக்கும் கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பறவைகள் தண்ணீர் குடிக்கிற தொட்டி ஒன்றை வைத்து, பிள்ளைகள் கூப்பிட்ட பெயரை மட்டும் எழுதியிருக்கிறார்கள்: அம்மாய்.

அந்த இருபது வருஷத்தை விசுவாசக் குறைவு என்று ஒருவரும் சொல்லத் துணியமாட்டார்கள். ஆனால் பக்கத்துத் தெருவில் பக்கவாதத்தில் படுத்திருக்கிற பெரியப்பாவைப் பார்த்தால் சட்டென்று சொல்லிவிடுகிறோம்.

13 ஏப்ரல், குருத்தோலை ஞாயிறு

தம்பியின் மனைவி தானே இங்கே எழுதினாள். வாம்மா. உன் கேள்வி சின்னது, பதில் எனக்குப் பெரிதாக வருகிறது. "ஜெபிக்க உட்கார்ந்தால் வாய் வரவில்லை, என்ன செய்வது?"

வராவிட்டால் விடு. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே படுத்து, போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று சொன்னபோது தேவதூதன் அவனுக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையும் ஒரு செம்பு தண்ணீரும் வைத்தான். சாப்பிட்டான், திரும்பப் படுத்துவிட்டான். தூதன் இரண்டாம் தரமும் எழுப்பி, சாப்பிடு, போக வேண்டிய தூரம் ரொம்ப அதிகம் என்றான். பேச்செல்லாம் அதற்குப் பிறகு, ஓரேப் மலையிலேதான்.

வாய் வருகிற நாளில் 13-ஆம் சங்கீதத்தை எடு. ஆறே வசனம். "கர்த்தாவே, எதுவரைக்கும்" என்று ஆரம்பிக்கும். நான் அதைச் செய்கிற விதம் இது: முதல் இரண்டு வசனத்தோடு நின்றுவிடுவேன். என் சொந்த "எதுவரைக்கும்" எல்லாவற்றையும் அங்கே சொல்வேன். ஊசி விலை, பாதி ராத்திரியில் அவங்களுக்குக் காலில் இழுக்கிற குரக்குவலி, மகனுக்கு இன்னும் அமையாத வரன், எல்லாம். சில மாதம் கடைசி இரண்டு வசனத்துக்குப் போகவே முடியாது. அதை எழுதினவனும் ஒரே மூச்சில் அங்கே போயிருக்கமாட்டான் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. மத்தேயு சுவிசேஷத்தின் இரண்டாம் அதிகாரத்தில், பெத்லகேமில் ஏரோது பிள்ளைகளைக் கொன்ற இடத்தில், எரேமியாவிலிருந்து ஒரு தாயைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. ராகேல். பிள்ளைகளுக்காக அழுகிறாள், அவர்கள் இல்லாததால் ஆறுதல் அடையாதிருக்கிறாள். ஆறுதல் அடையமாட்டேன் என்கிற ஒரு அம்மா கிறிஸ்துமஸ் கதைக்குள்ளேயே இருக்கிறாள். அவளை அங்கே யாரும் கண்டிக்கவில்லை, திருத்தவில்லை. உன்னுடைய இடம் அவள் பக்கத்தில், பைபிளுக்கு உள்ளேதான்.

18 ஏப்ரல், பெரிய வெள்ளி

மும்மணி ஆராதனை முடிந்து வந்தேன். இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளில் ஐந்தாவதைப் பேச எனக்குக் கொடுத்திருந்தார்கள். "தாகமாயிருக்கிறேன்."

வருஷாவருஷம் இந்த வார்த்தைக்கு ஆத்தும தாகம் என்றுதான் பிரசங்கம் கேட்டிருக்கிறேன். ஆத்துமாக்களுக்காக ஏங்கினார் என்பார்கள். இருக்கலாம். டயாலிசிஸ்காரரோடு ஏப்ரல் மாதத்தைக் கழிக்கிற எனக்கு அது முதலில் தண்ணீர்த் தாகம். கத்திரி வெயில் வருவதற்கு முன்னாலேயே எங்க ஊரில் தரை கொதிக்கிறது. அவங்க வாயில் ஒரு ஐஸ்கட்டியைப் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் ஓட்டுவாங்க. எலுமிச்சைத் துண்டை நாக்கில் தேய்ப்பாங்க. ஒருநாள் ஆலயத்தில், இயேசு தண்ணீரைத் திராட்சரசமாக்கின கானாவூர்க் கல்யாண வாசகம் வந்தபோது என் காதில், "அங்க ஆறு கற்சாடித் தண்ணி, எனக்கு ஒரு டம்ளர்தானா?" என்று சொன்னாங்க. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, முன்வரிசையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

22-ஆம் சங்கீதத்தில் "என் பெலன் ஓட்டைப்போல் காய்ந்தது, என் நாவு மேல்வாயோடே ஒட்டிக்கொண்டது" என்று இருக்கிறது. நாக்கு மேல்வாயில் ஒட்டுவது எப்படி இருக்கும் என்று அவங்களைக் கேட்டால் சொல்வாங்க. அதே சங்கீதத்தின் முதல் வரியைத்தான் இயேசு சிலுவையில் கத்தினார், ஏன் என்னைக் கைவிட்டீர் என்று. தேவகுமாரனே கேட்ட "ஏன்" அது. இதைத்தான் இன்றைக்குப் பேசினேன். பிரசங்க பீடத்திலிருந்து பார்த்தபோது அவங்க மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தாங்க. நேற்றுப் பெரிய வியாழன் திருவிருந்துக்கு வர முடியவில்லை, டயாலிசிஸ் நாள். வீட்டுக்கு வந்ததும், சிலுவையில் இயேசுவுக்குக் கொடுத்த காடியை நினைத்து அவங்க சொன்னது: "அந்தக் காடியிலயாவது ஒரு வாய் குடிச்சாரே." எனக்கு அது பிரசங்கத்தைவிட மேலாகத் தெரிகிறது.

20 ஏப்ரல்

உயிர்த்தெழுந்தார். எல்லாருக்கும் வாழ்த்துகள். இன்றைக்குச் சந்தோஷப்பட முடியாதவர்களுக்கும் சேர்த்து. உயிர்த்தெழுந்தவரின் கைகளில் ஆணித் தழும்பு இருந்தது, தோமாவுக்கு அதைக் காட்டினார்.

27 ஏப்ரல்

ரோமர் 8:28 பற்றி ஒரு பெரிய சண்டை ஓடியிருக்கிறது, முழுவதும் வாசித்தேன். "சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது" என்பதை நான் விசுவாசிக்கிறேன். அந்த வசனத்துக்கு இரண்டு வசனம் முன்னால், ஏற்றபடி ஜெபிக்கத் தெரியாத நமக்காக ஆவியானவர் வாக்குக்கடங்காத பெருமூச்சோடு வேண்டுகிறார் என்று இருக்கிறது. இன்னும் மேலே போனால் சிருஷ்டி முழுவதும் தவிக்கிறது. பவுல் அந்தத் தவிப்பையெல்லாம் கடந்துதான் 28-க்கு வருகிறார். பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த வீட்டு வாசலில் நின்றுகொண்டு நேரே 28-ஐச் சொல்கிறவர் மேலே உள்ளதையெல்லாம் வாசிக்காமலே தாண்டிவிட்டார். 12-ஆம் அதிகாரத்தில் அதே பவுல் அழுகிறவர்களுடனே அழுங்கள் என்கிறார். அழுகிறவர்களுக்கு விளக்கம் சொல்லுங்கள் என்று எழுதவில்லை.

தம்பி, நீங்கள் தனியாகக் கேட்டதற்கும் இங்கேயே பதில் எழுதுகிறேன், வேறு யாருக்காவது உதவும். ஞானஸ்நானம் பெறாத குழந்தை, கல்லறைத் தோட்டத்தில் ஒரு ஓரத்தில் ஆராதனை இல்லாமல் அடக்கம் பண்ணினோம், இப்போது ஜெபம் வைக்கலாமா என்றீர்கள். உங்கள் ஆயரிடம் போய்க் கேளுங்கள். தயங்கினால் இன்னொரு தடவை கேளுங்கள். எங்கள் ஆயர் இரண்டு வருடம் முன்பு ஒரு குடும்பத்துக்கு இப்படிச் செய்தார். நாலைந்து பேர்தான் போனோம். பெற்றோர் வைத்திருந்த பெயரைச் சொல்லி ஜெபித்தார், சின்னச் சிலுவை ஒன்று நட்டார்கள், வீட்டுக்கு வந்து எல்லாரும் சாப்பிட்டோம். நீங்கள் பெயர் வைத்திருந்தால் அந்தப் பெயரிலேயே கேளுங்கள். வைக்கவில்லை என்றால் இப்போதும் வைக்கலாம்.

அந்த மூத்த அம்மாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவரை விரோதியாக வைத்துக்கொள்ள வேண்டாம். அந்தத் தலைமுறையில் எத்தனை பேருடைய கைக்குழந்தைகள் காய்ச்சலில் போயின, அவர்களை அழவிட்டவர் யார்? அவருக்கும் ஒன்று போயிருக்கலாம். முடிந்தால் ஒருநாள் போய்க் கேட்டுப் பாருங்கள்.

29 ஏப்ரல்

ஆயர் சம்மதித்துவிட்டார் என்று தம்பி எழுதியிருக்கிறார், ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு. அந்த மூத்த அம்மாவும் வருகிறாராம், தானே கேட்டு. நாங்கள் வர முடியுமா என்று தம்பியின் மனைவி கேட்டிருக்கிறாள். சனிக்கிழமை டயாலிசிஸ் முடிந்து மறுநாள் அவங்களுக்குக் கொஞ்சம் தெம்பு இருக்கும். வருகிறோம்மா. எங்களுக்கென்று தனியாகச் சமைக்க வேண்டாம், அவங்க சாப்பாட்டை நான் கட்டிக் கொண்டுவருவேன்.